அலறலுக்கு ஓர் உண்மை நகல்

ஓர் அலறலின் விலை நூற்று எண்பது ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. வடதொண்டை ஒலிக்கலை மேம்பாட்டு வாரியம் நிர்ணயித்த விலை இது. திருத்தணியில், மொட்டை போட்டவர்களுக்குச் சந்தனம் விற்கிற கடையின் மேல்மாடியில் இருக்கிறது வாரியத்தின் அலுவலகம். சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். ஒப்பாரி இருநூற்று இருபது. கண்ணீரோடு என்றால் இருநூற்று நாற்பது. குலவை தொண்ணூறு, கூட்டமாகப் போட்டால் கழிவு உண்டு. ஏலம் கூவுதல் நூற்றுப் பத்து. கடைசி வரியில், பேனாவால் பின்னால் சேர்த்தது: 'அலறல் (நவீன இசை சார்ந்தது)'.

கத்தரிக்காய்க்குக் காலையில் ஒரு விலை, பொழுது சாய்ந்தால் ஒரு விலை. பூவுக்கு முகூர்த்தத்தில் ஒரு விலை, அஷ்டமியில் ஒரு விலை. அலறலுக்கு மட்டும் என்றைக்கும் ஒரே விலை, பேரமே கிடையாது. பேரம் பேசாத கடையில் சரக்கு இருக்காது என்பது சந்தையில் அடிபட்டவர்களுக்குத் தெரியும். தணிகாசலம் சந்தையில் அடிபட்டவன்தான். ஆனால் அடியை வாங்கிக்கொண்டு வந்தானே தவிர, பாடத்தை வாங்கிக்கொண்டு வரவில்லை.

ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் கரும்பும் வேர்க்கடலையும் வைக்கிற குடும்பம் அவனுடையது. ஊரிலேயே மெதுவாகப் பேசுகிறவன் அவன்தான். மூட்டையை நிறுக்கும்போது எடைக்காரன் தட்டின்மேல் விரலை வைப்பான். "அண்ணே, விரலு…" என்று தணிகாசலம் ஆரம்பித்து முடிப்பதற்குள் பில் போட்டாகி, மூட்டை லாரி ஏறிவிடும். பஸ்ஸில் இவன் "எறங்கணும்" என்று சொன்னது எந்தக் கண்டக்டர் காதிலும் விழுந்ததில்லை. எப்போதும் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்பி நடப்பான். இப்படிப்பட்ட ஆள், பொதட்டூர்பேட்டையில் மனைவியின் தங்கை ஷோபனாவுடைய விசைத்தறி ஷெட்டுக்குள் போய் மைக்கைப் பிடித்தால், அடுத்த தெருவில் கட்டியிருக்கிற எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போகும்.

ஹார்ட்கோர் என்று அந்த இசைக்குப் பேர். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு பாட்டு. டிரம் மூச்சு விடாது. கிட்டார் முறைத்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒருவன் அடிவயிற்றிலிருந்து கத்துவான். குழுவுக்கு 'கரண்ட் கட்' என்று பேர் வைத்திருந்தார்கள். டிரம் அடிப்பது ஷோபனா; தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள். கிட்டார் சூர்யநாராயணன், மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற வீட்டுப் பிள்ளை. காலையில் சர்க்கரைப் பொங்கல் கிண்டிய கையால் சாயந்திரம் கம்பியைக் கிண்டுவான். இடுப்பு வரை முடி. தறிகள் ஓடும்போது மட்டும்தான் பயிற்சி. அப்போதுதான் அக்கம்பக்கத்தில் புகார் வராது.

இதற்கு முன்னால் இரண்டு ஆல்பம் போட்டிருந்தார்கள். இரண்டையும் ஷெட்டிலேயே மொபைலில் பதிந்தார்கள். கேட்டவர்கள் எல்லாரும் தறியைப் பாராட்டினார்கள்.

இந்த நேரத்தில்தான் தணிகாசலத்தின் தொண்டை கட்டியது, கட்டியபடியே நின்றது. அரக்கோணம் டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். சதை வளர்ந்திருக்கிறது, ஆடிக் கிருத்திகை கழிந்ததும் ஆபரேஷன், அதற்கப்புறம் பேசலாம், கத்துவதை மறந்துவிட வேண்டும் என்றார்.

"உங்க குரல் இப்ப அடிச்சட்டியில மிச்சம் இருக்கற தோசமாவு மாதிரிங்க. ஒரே ஒரு ஆல்பத்துக்கு ஊத்தலாம். அண்டை வீட்டுக்காரன் கேட்டான்னு கிண்ணத்துல குடுத்துடாதீங்க."

ஆகவே கடைசி ஆல்பம். எட்டுப் பாட்டு. 'போதும்' என்று தலைப்பு. எடைக்காரனிடமும் மில்காரனிடமும் ஆபீஸ்காரனிடமும் சொல்ல நினைத்து, எச்சிலோடு சேர்த்து விழுங்கியதையெல்லாம் அந்த எட்டுப் பாட்டில் வைத்திருந்தான் தணிகாசலம். இதையாவது ஒழுங்கான ஸ்டுடியோவில், தறி இல்லாமல், தன் குரல் தன் காதுக்குக் கேட்கிற மாதிரி பதிந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் ஆசை.

ஷோபனாதான் செய்தி கொண்டுவந்தாள். அக்கா வீட்டுக்காரரை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"பாவா, வாரியத்துல 'இறுதிப் படைப்பு மானியம்'னு ஒண்ணு குடுக்கறாங்களாம். கடைசி ஆல்பமா இருந்தா ஸ்டுடியோ வாடகை முழுக்க அவங்களே கட்டிடுவாங்களாம்."

"நம்பளுக்கா?"

"முடிஞ்சி போறவங்களுக்குத்தான் பாவா. நம்பள விட்டா யாரு?"

கண்காணிப்பாளர் ஜம்புலிங்கத்தின் மேசைக்கு முன்னால் மூன்று பேரும் போய் நின்றார்கள். ஜம்புலிங்கம் ஓய்வுக்கு அருகில் இருந்தவர். அவர் குரலை உயர்த்தி யாரும் பார்த்ததில்லை. அவர் உயர்த்துவது ஆட்சேபணை மட்டும்தான். அதையும் கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுக்கிற மாதிரி, சிரித்த முகமாகத்தான் கொடுப்பார்.

"கடைசி ஆல்பம்னு போட்டுகிறீங்க. கடைசின்றதுக்கு இன்னா ஆதாரம்?"

தணிகாசலம் டாக்டர் சீட்டை நீட்டினான்.

"இது உங்க தொண்டைக்கு. நான் குழுவுக்குக் கேக்கறேன்."

"குழுவும் அதோட முடிஞ்சிடும்ங்க."

"ஆங், அப்ப முடிஞ்சதும் வாங்க."

"முடிஞ்சிட்டா எப்படி சார் பாடறது?" என்றாள் ஷோபனா.

"அது உங்க பக்கத்து சங்கடம்மா. கிராமத்துல போயி 'மேற்படி குழு முடியப்போவது உண்மை'ன்னு எழுதி வாங்கிகினு வாங்க. அதுக்கு முன்னாடி ஒரு மாதிரி குடுத்துட்டுப் போங்க."

"இன்னா மாதிரிங்க?"

"அலறல் மாதிரி. பருப்பு வாங்கறவன் கூட ரெண்டு வாயில போட்டுப் பாத்துதானப்பா வாங்கறான்? கமலா, அந்த ரெக்கார்டரை எடும்மா."

தட்டச்சர் கமலா பீரோவிலிருந்து ரெக்கார்டரை எடுத்தாள். அதை மஞ்சள் துணியில் சுற்றி, போன ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டோடு பத்திரமாக வைத்திருந்தார்கள். தணிகாசலத்துக்கு ஒரு குறை உண்டு: அரை அலறல் அவனுக்கு வராது. கொஞ்சமாகக் கத்து, சும்மா கத்து என்றால் அவனுக்கு வழி தெரியாது. கண்ணை மூடினான். முதல் பாட்டை எடுத்தான்.

"தட்டு மேல இருக்கற விரலை எட்றா! எட்றாஆஆஆ!"

கீழே சந்தனக் கிண்ணம் கவிழ்ந்தது. புதிதாக மொட்டை போட்ட குழந்தை ஒன்று வீறிட்டது. ஜம்புலிங்கம் காதிலிருந்து போனை எடுத்தார்.

"மன்னிச்சிக்கணும். ஹெட் ஆபீஸு லைன்ல இருந்தாங்க, கவனிக்கல. இன்னொண்ணு போடுங்க. அதே பாட்டு வேணாம். பதிஞ்சதையே பதிஞ்சா ஆடிட்ல கேப்பான்."

தணிகாசலம் இரண்டாவது பாட்டையும் கொடுத்தான். படி இறங்கும்போது ஷோபனா அவன் முதுகில் குத்தினாள்.

"பாவா, மாவு!"

கிராமத்தில் எழுதி வாங்குவதற்கு ஒரு வாரம் அலைந்தார்கள். செத்தவருக்கு இறப்புச் சான்று உண்டு, இருப்பவருக்கு இருப்பிடச் சான்று உண்டு, சாகப் போகிறவருக்கு ஒன்றுமில்லை என்று கையை விரித்தார் கிராம நிர்வாக அலுவலர். கடைசியில், 'மேற்படி குழு இன்று மதியம் வரை உயிரோடு உள்ளது. அதன் பின் நடப்பதற்கு இந்த அலுவலகம் பொறுப்பல்ல' என்று எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தார். ஜம்புலிங்கத்துக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. டாக்டர் சீட்டில் சொல்லப்பட்ட தொண்டையும் நேரில் வந்திருக்கிற தொண்டையும் ஒன்றுதானா என்பதற்காக மட்டும் மூன்றாவது பாட்டை வாங்கிக்கொண்டார்.

அடுத்து, வாரியத் தலைவர் பத்ரிநாராயணன் நேரில் பார்வையிட, ரெக்கார்டரோடு கமலாவையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். சால்வை போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றினார். தறிகளை நிறுத்தச் சொன்னார். ஷோபனா டிரம்மில் இறங்கினாள், தணிகாசலம் நான்காவது பாட்டை எடுத்தான், சூர்யநாராயணன் வழக்கம்போலத் தலையைச் சுழற்றினான். இடுப்பு வரை முடி, மேலும் கீழும், இடமும் வலமும்.

தலைவர் சட்டென்று செருப்பைக் கழற்றினார். கை இரண்டையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"முருகா! பையனுக்கு சிங்கப்பூர் விசா எப்பப்பா கெடைக்கும்?"

சூர்யநாராயணன் வாசிப்பதை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினான். "சார், நான் கிட்டார் வாசிக்கறேன்."

"ஆமாம் அப்பனே, ஆமாம்," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் தலைவர். "வாசிச்சிகினே சொல்லு."

ஏதாவது சொன்னால்தான் இந்த ஆள் கிளம்புவார் என்று தோன்றியதால், "கிருத்திகைக்கு மேல" என்று சொல்லி வைத்தான் சூர்யநாராயணன். தலைவர் விபூதி கேட்டார். தறி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வைத்திருந்த சாம்பலை ஷோபனா கொடுத்தாள். மூன்று விரலால் பூசிக்கொண்டு திருப்தியாகக் காரில் ஏறினார்.

மறுநாள் ஆட்சேபணை வந்தது. சாமி வருதல் சமயம் சார்ந்தது, வாரியம் கலைக்கு மட்டுமே மானியம் தரும். ஆகவே, மேற்படி நிகழ்ச்சியில் சாமி வரவில்லை என்பதற்குத் தகுதியான நபரிடமிருந்து சான்று தேவை.

சூர்யநாராயணன் மலைக்கு ஏறித் தன் பெரியப்பாவைக் கேட்டான். அவர் கோயிலில் பூசை செய்கிறவர்.

"வரலைன்னு நான் எப்படிடா எழுதிக் குடுக்கறது? நாளைக்கு நெஜமாவே வந்து நின்னா, 'நீ யாரு என்னை வரலைன்னு சொல்றதுக்கு'ன்னு என்னைத்தான கேப்பார்? வந்துதுன்னும் எழுத முடியாது. அவர் என்கிட்ட சொல்லிட்டா போறார் வர்றார்?"

ஆல்பம் நல்லபடியாக முடிந்தால் முடியை முருகனுக்குத் தருவதாக சூர்யநாராயணன் வேண்டிக்கொண்டிருந்தான். இப்போது யோசித்தான். சுழற்றுவதற்கு முடி இருந்தால்தானே சாமி சந்தேகம் வரும்? கொடுக்கவேண்டிய கடன், தவணைக்கு முன்னால் கட்டினால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? அன்றைக்கே உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டு நேராக வாரியத்துக்கு வந்தான்.

ஜம்புலிங்கம் விண்ணப்பத்தில் இருந்த போட்டோவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"இதுல இருக்கறவரு வரலியா?"

"நான்தான் சார் அது."

"இவருக்கு முடி இருக்குது."

"திருத்தணியில உக்காந்துகினு மொட்டைய அடையாளம் தெரியலைன்றீங்களே சார்!" என்றாள் ஷோபனா.

"திருத்தணின்றதாலதாம்மா தெரியல. ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, தெருவுல போறவன் முக்கால்வாசி இவராட்டம்தான் இருக்கான். முகத்தை வெச்சி ஒண்ணும் சொல்றதுக்கில்ல. குரலை வெச்சிதான் குழுவை உறுதி பண்ணணும்."

ஐந்தாவது பாட்டும் ரெக்கார்டருக்குள் போயிற்று. ஒலி அளவு பார்க்கிற கருவியோடு ஒருவர் வந்தபோது ஆறாவதும் அப்படியே போயிற்று. அலறல் முடிந்த பிறகுதான் கருவியில் பேட்டரி இல்லை என்பதைக் கவனித்த அவர், 'அளவு: பூஜ்யம்' என்று எழுதிக்கொண்டு போனார். இப்போது தணிகாசலம் வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டான். கஞ்சி, பனங்கற்கண்டு, வெந்நீர். தண்ணீர் குடித்தால் தொண்டைக்குள் மணல் நகர்கிற மாதிரி இருந்தது.

"இனிமே எவன் கேட்டாலும் வாயைத் தெறக்காத பாவா. ரெண்டு பாட்டுதான் இவங்க கேக்காம மிச்சம் நிக்குது. ஆனா ஸ்டுடியோவுல எட்டும் பாடணும்," என்றாள் ஷோபனா.

தணிகாசலம் தலையை ஆட்டினான். மானியம் பாஸாகிவிட்டது. ஒரே ஒரு தொடக்க விழா மட்டும்தான் மிச்சம். விழாவில் அலறத் தேவையில்லை, சால்வை வாங்கினால் போதும் என்று ஜம்புலிங்கம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார்.

பைபாஸ் கல்யாண மண்டபத்தில் விழா. தலைவர் பத்ரிநாராயணன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பெரியோர்களே! இந்த வாரியம் தொடங்கிய நாளில் நம் வட்டாரத்தில் ஒலிக்கலைஞர்கள் எழுநூறு பேர் இருந்தார்கள். அவர்களைக் கவனிக்க எங்களிடம் இருந்தது நான்கே ஊழியர். எவ்வளவு பெரிய அநீதி! நாங்கள் அயரவில்லை. இன்று எங்கள் ஊழியர்கள் அறுபது பேர். கலைஞர்கள், இதோ மேடையில் இருக்கும் மூன்று பேர். ஒரு கலைஞனுக்கு இருபது ஊழியர்! இந்தக் கவனிப்பு உலகத்தில் வேறு எங்கே உண்டு?"

ஊழியர்கள் அறுபது பேரும் கைதட்டினார்கள்.

"சிலர் கேட்கிறார்கள், ஏன் இறுதிப் படைப்புக்கு மட்டும் மானியம் என்று. முதல் படைப்புக்குக் கொடுத்துப் பார்த்தோம் ஐயா. அவன் இரண்டாவதோடு வந்து நிற்கிறான்! இரண்டாவதுக்குக் கொடுத்தால் மூன்றாவது. இதற்கு ஒரு முடிவு வேண்டாமா? கடைசிப் படைப்புக்குக் கொடுத்தால் அவன் திரும்ப வருவதில்லை. நிதியும் மிச்சம், கலைஞனுக்கும் நிம்மதி. சத்தமில்லாமல் ஒரு சாதனை செய்திருக்கிறோம். ஒலிக்கலை வாரியம் சத்தமில்லாமல் செய்வதே பெருமை!"

தணிகாசலம் சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கப் போனான். அந்தச் சமயம் பார்த்து வாசலில் சைரன் கேட்டது. மூன்று மணி நேரம் தாமதமாகச் சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார். தலைவர் தணிகாசலத்தின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தார்.

"ஐயா இன்னும் ஒண்ணுமே கேக்கல. ஒண்ணே ஒண்ணு."

கமலா மஞ்சள் துணியைப் பிரித்தாள். ஷோபனா கீழேயிருந்து இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்றாள். முடியாது என்று சொல்லத்தான் தணிகாசலம் நினைத்தான். ஆனால் அவனுக்குத்தான் மெதுவாகச் சொல்லிப் பழக்கம், மேடையில் யாருக்கு அது கேட்கும்? சத்தமாகச் சொல்ல அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஏழாவது பாட்டை எடுத்தான்.

"நாளைக்கு வா, நாளைக்கு வான்னியே, எங்கடா அந்த நாளு? எங்கடாஆஆ…"

புது லுங்கியை நுனியில் பல்லால் கடித்து நீளவாக்கில் கிழித்தால் ஒரு சத்தம் வரும். பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். தணிகாசலத்தின் தொண்டைக்குள் அது கேட்டது. விருந்தினர் நன்றாகக் கைதட்டினார்.

ஸ்டுடியோவில் பதிவு நாள். பார்வையாளராக ஜம்புலிங்கம் வந்து உட்கார்ந்தார். டிரம் ஒழுங்காகப் பதிந்தது. கிட்டார் ஒழுங்காகப் பதிந்தது. ஏசி அறையில், பஞ்சு வைத்த சுவர்களுக்கு நடுவில், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஸ்டுடியோ மைக்குக்கு முன்னால் தணிகாசலம் வாயைத் திறந்தான்.

காற்று வந்தது. மறுபடி திறந்தான். காற்று மட்டும்தான்.

"மைக் ஆன்லதாங்க இருக்குது," என்றார் ஸ்டுடியோக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று.

எட்டுப் பாட்டுக்கும் எட்டு முறை வாயைத் திறந்து மூடினான் தணிகாசலம். ஜம்புலிங்கம் குறிப்பு எழுதினார்: 'ஒலி அளவு வரம்புக்கு உட்பட்டது. சொற்களில் ஆட்சேபகரமாக எதுவுமில்லை. முழுத் திருப்தி.' அவருடைய பணிக்காலத்தில் ஆட்சேபணை இல்லாமல் அவர் எழுதிய முதல் குறிப்பு அதுதான்.

தணிகாசலம் வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். அழுதால்கூடச் சத்தம் வரவில்லை. சூர்யநாராயணன் பக்கத்தில் உட்கார்ந்து தன் மொட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"விடுடா. முருகன் கிட்ட முடிய திருப்பிக் கேக்க முடியுமா, இல்ல உன் குரலைத்தான் கேக்க முடியுமா?"

ஷோபனா மட்டும் உட்காரவில்லை.

"பாவா! மஞ்சத்துணி! ஏழு பாட்டும் அந்த ரெக்கார்டர்ல இருக்குதே!"

மறுநாள் காலையில் மூன்று பேரும் வாரியத்தில் நின்றார்கள். ஷோபனா பென்டிரைவை நீட்டினாள். ஜம்புலிங்கம் அதைப் புழுவைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"மூலத்தை வெளிய குடுக்கறதுக்கில்லம்மா. அது கோப்பைச் சேந்தது. நகல் தரலாம். நகல்னா காகிதத்துலதான்."

"சத்தத்தைக் காகிதத்துல எப்படி சார்?"

"ஏன், இதுக்கு முன்னாடி ஒப்பாரிக்குக் குடுக்கலியா?"

கமலா இரண்டு நாள் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தாள். வேலையில் நேர்மையான பெண். ஆ என்கிற எழுத்து வரிவரியாகப் போயிற்று. முதல் பாட்டில், '(இடையில் குழந்தை அழுகை, வெளியாள்)' என்று குறித்திருந்தாள். ஏழாவது பாட்டின் கடைசியில், '(இங்கே குரல் கிழிகிறது)' என்று எழுதினாள். வேறு எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நகல் தயார் என்று மூன்று பேரையும் கூப்பிட்டனுப்பினார்கள். 'உண்மை நகல்' என்று சீல் விழ வேண்டும். அதற்கு ஒரு விதி உண்டு. பத்திரமானாலும் பட்டாவானாலும், ஒருவர் நகலை வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் மூலத்தோடு வைத்து ஒப்பிட வேண்டும். அடியில் 'படித்தவர்', 'ஒப்பிட்டவர்' என்று இரண்டு கையெழுத்து. ஓர் எழுத்து பிசகினாலும் சீல் கிடையாது. இந்த விதியை வாரியத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவரே ஜம்புலிங்கம்தான்.

கமலா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலத்தை ஓடவிட்டாள். ஜம்புலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தட்டு மேல இருக்கற விரலை எட்றா. எட்றா. ஆ. ஆ. ஆ."

"ஒத்துப்போகல சார்," என்றாள் கமலா.

"எந்த வரிம்மா?"

"வரி சரிதான் சார். மூலத்துல சத்தமா இருக்குது."

"சத்தத்தை எங்கம்மா ஒப்பிடறது?"

"'மூலத்தில் உள்ளவாறே படிக்க வேண்டும்'னு நீங்கதான் சார் சொல்லிக் குடுத்தீங்க. நான் எப்படி ஒப்பிட்டவர்னு கையெழுத்துப் போடறது?"

ஜம்புலிங்கம் யோசித்தார். விதியில் ஓட்டை தேடினார். அதிலிருந்த ஓட்டையையெல்லாம் அவரே இத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் சத்தமாகப் படித்தார். ஒத்துப்போகவில்லை. இன்னும் சத்தமாகப் படித்தார். இருமல் வந்தது. ஷோபனா மொபைலில் எதையோ அழுத்தி, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

தணிகாசலத்துக்குத்தான் பொறுக்கவில்லை. ஓர் ஆள் தொண்டையை வைத்துக் கத்துவதை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. மேசையைச் சுற்றிக்கொண்டு போய், கண்காணிப்பாளரின் சட்டைப் பொத்தானுக்குக் கீழே, அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். இங்கேயிருந்து எடு என்று கண்ணால் சொன்னான்.

ஜம்புலிங்கம் மூச்சை இழுத்தார்.

"எட்றாஆஆஆஆ!"

சூர்யநாராயணன் எழுந்து நின்றுவிட்டான். கமலா ஒரு காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு, "ஒத்துப்போகுது சார்," என்றாள்.

இரண்டாவது ஒத்துப்போயிற்று. மூன்றாவது, நான்காவது. தலைவர் பத்ரிநாராயணன் தன் அறைக் கதவைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு, செருப்பை மட்டும் கழற்றிக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். ஜம்புலிங்கத்தின் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. ஏழாவது பாட்டு வந்தது. பதவி உயர்வை அடுத்த பட்டியலில், அதற்கடுத்த பட்டியலில் என்று ஹெட் ஆபீஸ் அவரிடம் எத்தனை வருஷமாகச் சொல்லி வந்தது என்பதெல்லாம் தணிகாசலத்துக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், தன் உள்ளங்கைக்குக் கீழே அந்த வயிறு உலைபோலக் கொதிப்பது மட்டும்தான்.

"நாளைக்கு வா, நாளைக்கு வான்னியே, எங்கடா அந்த நாளு? எங்கடாஆஆஆஆ…"

குரல் கிழிகிற இடம் வந்தது. அதை எப்படிப் படிப்பது என்று ஜம்புலிங்கம் யாரையும் கேட்கவில்லை. அது தானாகவே கிழிந்தது. கமலா 'ஒப்பிட்டவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஜம்புலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். வெந்நீர் குடித்தார். கரகரத்த குரலில், யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"எட்டுப் பாட்டுன்னு விண்ணப்பத்துல போட்டிருந்துதே. எட்டாவது?"

"அது பதியவே இல்லைங்க சார். அதுக்குள்ள பாவாவுக்குப் போயிடுச்சி."

"வரியாவது இருக்குதா?"

"வரியா? ஒரே வார்த்தைதான் சார் அது. போதும்."

"மூலம் இல்லாம படிக்கறது விதிக்குப் புறம்பு," என்றார் ஜம்புலிங்கம். எழுந்தார். மேல் பொத்தானைக் கழற்றினார். தெருப்பக்கத்து ஜன்னலை இரண்டு கதவும் அகலத் திறந்தார். தணிகாசலத்தின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் தானே வைத்துக்கொண்டார்.

ஒன்றரை நிமிஷம் படித்தார்.

தணிகாசலம் வாயைத் திறந்தபடி நின்றான். இத்தனை வருஷத்தில் தனக்கே ஒருநாளும் இப்படி வந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சூர்யநாராயணனின் மொட்டையில் ஒரு முத்தம் கொடுத்தான்.

ஷெட்டில் தறியை நிறுத்திவிட்டு, ஷோபனாவின் மொபைலில் பதிந்திருந்த ஜம்புலிங்கத்தின் குரலை எடுத்து, ஸ்டுடியோவில் பதிந்த டிரம், கிட்டாரோடு சேர்த்தார்கள். கிருத்திகைக் காவடிகளெல்லாம் மலை இறங்கிய மறுவாரம் 'போதும்' வெளியாயிற்று. அட்டையில் பாடியவர் பெயர் போடும் இடத்தில் 'உண்மை நகல்' என்று போட்டு, சீலையும் அச்சடித்திருந்தார்கள். எங்கெங்கோ இருந்தெல்லாம், யாருங்க இந்த ஆள், இப்படி வயித்தெரிச்சலோடு கத்துறார் என்று கேட்டார்கள். அன்றைக்குத் தணிகாசலம் அரக்கோணம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கழுத்தில் கட்டோடு, காதில் ஹெட்போனோடு படுத்திருந்தான். தறி இல்லாமல் தன் பாட்டைக் கேட்டான். குரல் தன்னுடையது இல்லை. ஆனால் எங்கே மூச்சை இழுக்க வேண்டும், எங்கே கிழிய வேண்டும் என்பதெல்லாம் அவனுடையதுதான்.

ஜம்புலிங்கத்துக்கு மெமோ வந்தது. தொண்டை கட்டியிருந்தபடியால் விளக்கத்தை எழுத்து மூலமாகச் சமர்ப்பித்தார். மூலமின்றிப் படித்ததை அவரே கோப்பில் மறைக்காமல் குறித்து வைத்திருந்ததால், தணிக்கையில் அது அகப்பட்டது. ஆபரேஷன் கட்டைப் பிரித்த அன்று தணிகாசலத்தின் கைக்கு வாரியத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்து சேர்ந்தது. கீழே ஜம்புலிங்கத்தின் கையெழுத்துதான்.

'கரண்ட் கட்' குழு வாரியத்துக்கு வழங்கிய அலறல்: ஏழு.

வாரியம் குழுவுக்கு வழங்கிய அலறல்: எட்டு.

குழு கூடுதலாகப் பெற்று, இன்று வரை திருப்பிச் செலுத்தாமல் நிலுவையில் வைத்திருப்பது: ஒன்று.